உடையும் உரிப்பொருளும்: ஜேன் ஆஸ்டின் புதினங்களின் காட்சி வடிவங்கள்

1. ஆய்வுப் பொருள்

பழம்புதினங்களைத் தழுவியெழுந்த காதற் கதைகளைத் திரையிலும் தொலைக்காட்சியிலும் காணும் வேட்கை பல நாடுகளில் நிலைபெற்றுவிட்ட ஒன்றாகும். ஒரே புதினம் தலைமுறைதோறும் புதிய காட்சி வடிவம் பெறுகின்றது. முன்னைய வடிவத்தைக் கண்டு மகிழ்ந்தவரே பின்னையதையும் காண விரைகின்றனர். இன்னார் இன்னாரை மணப்பர் என்பது அனைவர்க்கும் தெரியும். ஆயினும் சுவை குன்றுவதில்லை. இதற்குக் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

இவ்வினாவிற்குப் பொதுவாகக் கூறப்படும் விடைகள் இரண்டு. பெருமாளிகை, பழங்கால உடை, குதிரை வண்டி, மெழுகுவர்த்தி ஒளியில் நிகழும் நடனம் முதலியவற்றின் அழகே கவர்ச்சிக்குக் காரணம் என்பது ஒன்று. இக்கால வாழ்வின் விரைவால் களைத்தவர் அமைதியான பழங்காலத்துள் ஒதுங்க விழைகின்றனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயின், உடையும் மாளிகையும் செம்மையாக அமைந்தும் ஒரு திங்களுக்குள் மறக்கப்பட்ட படங்கள் பல. எளிய காட்சிகளோடு அமைந்தும் நின்று நிலவுவன சில. ஆதலின் அவ்விடைகள் முழுமையானவை ஆகா.

தொல்காப்பியர் அகப்பாடற்கு முதல், கரு, உரி என மூன்று பொருள் வகுத்து, அவற்றுள் ஒன்றினொன்று முறையே சிறக்கும் என்றார். நிலமும் பொழுதும் ஆகிய முதலினும் கருப்பொருள் சிறக்கும். அதனினும் மக்கள் ஒழுக்கமாகிய உரிப்பொருள் சிறக்கும். அவர் கூறிய பொழுது வேறு, வரலாற்றுக் காலம் வேறு என்பதை மறத்தல் கூடாது. எனினும், பழங்காலக் காதற் கதைகளை ஆராய்வார்க்கு இப்பாகுபாடு தக்கதோர் அளவுகோலாகும். உடையும் இல்லமும் வண்டியும் கருப்பொருள் போல்வன. அவை எவ்வுரிப்பொருளைத் தாங்கி நிற்கின்றன என்பதே நாம் கேட்கவேண்டிய வினா. இதனை ஆங்கிலப் புதின ஆசிரியர் ஜேன் ஆஸ்டின் (1775–1817) எழுதிய இரண்டு நூல்களின் காட்சி வரலாற்றைக் கொண்டு காண்போம்.

2. எழுதிய காலத்தில் அவை பழங்கதைகள் அல்ல

முதற்கண் மனங்கொள வேண்டிய உண்மை ஒன்று உண்டு. ஆஸ்டின் வரலாற்றுப் புதினம் எழுதியவர் அல்லர். அவர் தம் காலத்து மக்களை, தம் காலத்து உடையில், தம் காலத்துப் பண நிலையோடு வரைந்தார். 'அறிவும் உணர்வும்' எனப் பொருள்படும் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' 1811-லும், 'செருக்கும் முற்சாய்வும்' எனப் பொருள்படும் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813-லும் வெளிவந்தன. முன்னதன் முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை; 'ஒரு பெண்மணி' எழுதியது என்பதே குறிக்கப்பட்டது. அன்று அவற்றைப் படித்தவர்க்கு அக்கதைகள் அண்டை வீட்டுச் செய்தி போன்றவை. 'பழங்காலம்' என்பது நூலுள் இருந்த பொருள் அன்று. காலம் செல்லச் செல்லப் படிப்போர்க்கும் நூலுக்கும் இடையே வளர்ந்த தொலைவே அது.

அண்டை வீட்டுச் செய்தியாக அக்கதைகள் எதனைக் கூறின? 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நூலில் பென்னட் குடும்பத்திற்கு ஆண்டு வருவாய் 2,000 பவுன்; மகளிர் ஐவர்; மகன் இல்லை. நிலம் ஆண்வழியினர்க்கே சேரவேண்டும் என்னும் உரிமைக்கட்டு அச்சொத்தைப் பிணித்திருந்தது. தந்தை இறந்தால், வீடும் நிலமும் காலின்ஸ் என்னும் தொலை உறவினர்க்குப் போய்விடும். எலிசபெத்தை மணம் வேண்டும் அந்தக் காலின்சே, அவளுக்கு வரக்கூடியது நூற்றுக்கு நான்கு வட்டி தரும் 1,000 பவுன் மட்டுமே என்றும், அதுவும் தாயின் மறைவுக்குப் பின்னரே கிட்டும் என்றும் அவளிடம் எடுத்துரைக்கிறார். அஃதாவது ஆண்டுக்கு 40 பவுன். டார்சியின் ஆண்டு வருவாயோ 10,000 பவுன். இவ்வெண்கள் கதைக்கு ஒட்டுப்போட்ட செய்திகள் அல்ல. கதையின் எலும்புக்கூடே இவைதாம்.

'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' இன்னும் வெளிப்படையானது. முதியவர் ஒருவர் எழுதிய உயிலால், தம்மை அன்புடன் பேணிய மகளிரை விட்டுவிட்டு, மழலையால் அவர் மனத்தைக் கவர்ந்த நான்கு வயதுச் சிறுவனுக்குச் சொத்து உறுதியாகின்றது. தாயும் மகளிர் மூவரும் ஆண்டுக்கு 500 பவுனுடன் வீட்டைவிட்டு நீங்குகின்றனர். உடன்பிறந்த மகளிர்க்கு 3,000 பவுன் கொடுக்க எண்ணிய தமையன், மனைவியின் பேச்சால் படிப்படியாக இறங்கி, ஒன்றும் கொடாமையே தக்கது என்னும் முடிவுக்கு வரும் இரண்டாம் இயல், நகையும் கொடுமையும் ஒருங்கே அமைந்த பகுதியாகும்.

இதனை ஆஸ்டின் கற்பனையால் மட்டும் அறிந்தவர் அல்லர். தந்தையார் 1805-இல் இறந்தபின், அவரும் தாயாரும் தமக்கை கசாந்திராவும் உடன்பிறந்த ஆடவர் தரும் உதவியை நம்பி இடம்விட்டு இடம் மாறி வாழ்ந்தனர். 1809-இல், வேறொரு குடும்பத்தின் சொத்துக்கு உரியவராகியிருந்த தமையன் எட்வர்டு, சாட்டன் என்னும் ஊரில் சிறு வீடு ஒன்று அளித்தார். அங்கிருந்தே நூல்கள் ஒவ்வொன்றாக அச்சேறின. 1802-இல் செல்வர் ஒருவரை மணக்க இசைந்து, மறுநாட் காலையே அவ்விசைவைத் திரும்பப் பெற்றவர் அவர். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நூலின் உரிமையை 110 பவுனுக்கு விற்றார். எனவே, மணமும் பொருளும் ஒன்றையொன்று பற்றி நிற்கும் நிலையை அவர் தம் வாழ்விலேயே கண்டவர். தமிழ் அகமரபு அறிந்தார்க்கு இஃது அயலான செய்தி அன்று. வரைவிடை வைத்துப் பொருள்வயிற் பிரியும் தலைவனைப் பாடிய நம் புலவர், காதலுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பை மறைக்க முயன்றவர் அல்லர்.

3. வரவேற்பறை முதல் வெள்ளித்திரை வரை

ஆசிரியர் மறைந்து அரை நூற்றாண்டு சென்றபின், 1869-இன் இறுதியில் அவருடைய உடன்பிறந்தார் மகன் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு வெளிவந்து அவர் பெயரைப் பரப்பியது. 1894-இல் ஹியூ தாம்சன் வரைந்த ஓவியங்களோடு 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' புதிய பதிப்புப் பெற்றது. பழைய உடையும் தொப்பியும் கண்ணுக்கு இனிய காட்சிகளாயின. மறு ஆண்டு, 1895-இல், ரோசினா பிலிப்பி என்னும் நடிகை ஆஸ்டின் புதினங்களின் உரையாடற் பகுதிகளைத் தொகுத்து, இல்லங்களின் வரவேற்பறையில் நடித்தற்குரிய சிறு நாடகங்களாக வெளியிட்டார். இவ்விரு நிகழ்ச்சிகளும் அடுத்தடுத்து நேர்ந்தமை கருதத்தக்கது. ஓவியம் உடையைத் தந்தது; உரையாடல் நாடகத்தைத் தந்தது. பிற்காலக் காட்சி வடிவங்கட்கு வேண்டிய இரண்டும் அப்பொழுதே ஆயத்தமாகிவிட்டன.

1935-இல் ஹெலன் ஜெரோம் எழுதிய மேடை நாடகம் அமெரிக்காவில் நடிக்கப்பெற்றது. அதனை அடியொற்றி 1940-இல் எம்.ஜி.எம். நிறுவனம் திரைப்படம் எடுத்தது. திரைக்கதை எழுதிய இருவருள் ஒருவர் ஆல்டஸ் ஹக்ஸ்லி. கிரீர் கார்சனும் லாரன்ஸ் ஒலிவியரும் நடித்தனர். இப்படத்தில் மகளிர் அணிவன ஆஸ்டின் காலத்து மெல்லிய நெடிய ஆடைகள் அல்ல. ஒரு தலைமுறைக்குப் பிற்பட்ட, அகன்று விரிந்த பாவாடைகள். காலத்துக்குப் பொருந்தா உடையோடு வந்த படத்தையும் மக்கள் விரும்பினர் என்றால், கால உண்மை கவர்ச்சிக்கு இன்றியமையாதது அன்று என்பது பெறப்படும்.

அப்படத்தில் உடை மாற்றத்தினும் பெரியதொரு மாற்றம் உண்டு. புதினத்தில் எலிசபெத்தை அச்சுறுத்தி மணத்தைத் தடுக்க வரும் கேத்தரின் சீமாட்டி, படத்தில் அவளுடைய மனத்தை ஆய்ந்தறிந்து மணத்திற்குத் துணைநிற்பவளாகிறாள். குலமும் செல்வமும் எழுப்பிய மதில் இறுதியில் தானே திறந்துகொள்கிறது. ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த ஆண்டில் வந்த படம் இது. பகைமை இறுதியில் நல்லெண்ணமாக முடிதல் வேண்டும் என்னும் விருப்பம் அன்று இயல்பே. ஆயினும், தடை பொய்யாயின் காதலின் வெற்றியும் எளிதாகிவிடும். கேத்தரினை எதிர்த்து எலிசபெத்து நிமிர்ந்து நிற்கும் இடமே புதினத்தில் அவள் பெருமையைக் காட்டுவது. படத்தில் அப்பெருமை குறைந்துவிட்டது.

4. 1995: பார்வை மாற்றம்

பி.பி.சி. தொலைக்காட்சி இப்புதினத்தைப் பலமுறை தொடராக்கியுள்ளது. அவற்றுள் புகழ்மிக்கது, 1995 செப்டம்பர் முதல் அக்டோபர் வரை ஆறு பகுதிகளாக வந்தது. ஆண்ட்ரூ டேவிஸ் எழுத, சைமன் லாங்டன் இயக்கினார். ஜெனிபர் ஈல் எலிசபெத்தாகவும் காலின் பர்த் டார்சியாகவும் நடித்தனர். இதில் பலரும் போற்றும் காட்சி, டார்சி தம் தோட்டத்துக் குளத்தில் நீந்தி, நனைந்த சட்டையோடு வரும்போது எலிசபெத்தை எதிர்பாராது காண்பது. புதினத்தில் குளம் இல்லை. எலிசபெத்து மாளிகையைப் பார்வையிட்டு, டார்சியின் ஓவியத்தின் முன் நின்று, வெளியே வருகையில் அவர் திடீரென எதிர்ப்படுகிறார். இருவர் முகமும் சிவக்கின்றன. அவ்வளவே.

இதனை வெறும் கவர்ச்சிச் சேர்க்கை என ஒதுக்குதல் எளிது. நாம் அதன் காரணத்தை நாடுவோம். புதினம் பெரும்பாலும் எலிசபெத்தின் கண்வழியே நடக்கிறது. டார்சியின் உள்ளத்தில் நிகழ்வதை அவளும் அறியாள். அவளோடு சேர்ந்து படிப்போரும் அறியார். அவள் அவரைத் தவறாக எண்ணும்போது நாமும் தவறாக எண்ணுகிறோம். பின்னர் அவர் எழுதிய கடிதத்தை அவள் திரும்பத் திரும்பப் படித்துத் தன் பிழையை உணர்கையில், நம் பிழையும் நமக்குப் புலனாகின்றது. ஆகவே அப்புதினம் காதற் கதையாவதற்கு முன், அறிவு தன்னைத் திருத்திக்கொள்ளும் கதையாகும்.

1995-ஆம் ஆண்டுத் தொடரோ, டார்சியைத் தனிமையிலும் காட்டுகின்றது. அவர் வாட்போர் பயில்வதையும், நீராடுவதையும், இரவெல்லாம் விழித்துக் கடிதம் எழுதுவதையும் நாம் காண்கிறோம். எலிசபெத்து அறியாததைப் பார்ப்போர் முன்னரே அறிந்துவிடுகின்றனர். அவளோடு ஏமாறும் பயன் இதனால் குறைகின்றது. அவர்க்காக ஏங்கும் சுவை மிகுகின்றது. ஒன்றை இழந்து மற்றொன்றைப் பெற்ற மாற்றம் இது. தலைமகள் மட்டும் பேசும் பாட்டை, தலைமகன் கூற்றும் உடன்சேர்ந்த துறையாக மாற்றியமைத்தது போன்றது என்று கூறலாம்.

புதினத்தை எழுதிய கதைகூறியின் நகை மிகுந்த குரல் திரைக்கு எளிதில் வாராது. நூலின் புகழ்பெற்ற முதற் கருத்து, இத்தொடரில் எலிசபெத்தின் வாய்மொழியாக வருகின்றது. நூலில் அது ஊர் முழுவதையும் நோக்கிய நகை. தொடரில் ஒரு பெண்ணின் குறும்பு. கதைகூறியின் இடத்தைத் திரையில் நிரப்புவது மெய்ப்பாடு. மெய்ப்பாடு கண்ணாலும் செவியாலும் உணர்வார்க்கே புலனாவது எனத் தொல்காப்பியர் கொண்டார். சொல்லத் தடையுள்ள இடத்தில் உடல் பேசுகிறது. 2005-இல் ஜோ ரைட் இயக்கிய திரைப்படத்தில், எலிசபெத்தை வண்டியில் ஏற்றக் கைகொடுத்த டார்சி, திரும்பி நடக்கையில் தம் விரல்களை ஒருகணம் விரித்து மடக்குகிறார். உரையாடல் ஒன்றும் இல்லை. ஆயினும் அக்கணத்தைப் பார்ப்போர் மறப்பதில்லை. ஆணும் பெண்ணும் தடையின்றிக் கைகோத்துத் திரியும் ஒரு கதையில் அவ்விரல் அசைவுக்கு யாதொரு பொருளும் இராது. பழங்காலம் கதைக்குத் தரும் பெரும்பயன் இதுவே. அது வழங்குவது அழகு மட்டும் அன்று; தடையும் ஆகும். அலரும் இற்செறிப்பும் இல்லையேல் களவொழுக்கப் பாடல்களின் செறிவு எங்ஙனம் குறையுமோ, அங்ஙனமே இக்கதைகளும் தடையின்றேல் தளரும்.

தடை உண்மையாய் நிற்பதற்குப் பசியும் உண்மையாதல் வேண்டும். 2005-ஆம் ஆண்டுப் படத்தில், காலின்சை மணக்க இசைந்த சார்லட்டு, தனக்கு வயது இருபத்தேழு என்றும், பொருள் இல்லை என்றும், பெற்றோர்க்குச் சுமையாகிவிட்டதாகவும், அஞ்சுவதாகவும் எலிசபெத்திடம் கூறுகிறாள். புதினத்தில் சார்லட்டு அமைதியாகத் தன் கணக்கைக் கூறுபவள். அச்சம் என்னும் சொல்லைத் தன் வாயால் கூறுபவள் அல்லள். ஆயினும் அக்காலத்துப் பெண்கள் நிலை இன்று படிப்போர்க்குத் தானே விளங்காது. மணமான மகளிர் தம் சொத்தைத் தாமே ஆளும் உரிமை இங்கிலாந்தில் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே முழுமையாக வந்தது. உயிலின்றி இறந்தாரின் நிலம் மூத்த மகனுக்கே செல்லும் முறை 1925-இல் நீக்கப்பட்டது. இவற்றை மறந்த தலைமுறைக்கு, ஆசிரியர் கூறாது விட்டதைப் படம் கூறவேண்டியதாயிற்று. இது மீறல் அன்று. உரையாசிரியர் செய்யும் பணி போன்றது.

5. இரு சகோதரியர்: 1995-உம் 2000-உம்

1995-இன் இறுதியில் வெளிவந்த 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' திரைப்படமும் இவ்வுரைப்பணியைச் செய்கின்றது. எம்மா தாம்சன் திரைக்கதை எழுதி அதற்கு ஆஸ்கார் பரிசு பெற்றார். இயக்கியவர் தைவான் நாட்டவராகிய ஆங் லீ. வீட்டைவிட்டு ஏன் போகவேண்டும் என்று இளையவளாகிய மார்கரெட்டு கேட்க, வீடு தந்தையிடமிருந்து மகனுக்கே செல்லும் என மூத்தவள் எலினார் விளக்குகிறாள். சட்டத்தை ஒரு சிறுமியின் வினாவால் விளங்க வைத்த திறம் பாராட்டுதற்குரியது. பிறிதோரிடத்தில், ஆடவர்க்குச் செல்வம் மரபாக வரும், எமக்கோ அதனை ஈட்டவும் வழியில்லை என்னும் கருத்தை எலினார் எட்வர்டிடம் வெளியிடுகிறாள். இது நூலில் இல்லை. ஆயின் நூலின் உயிர்க்கருத்து.

அதே படம் காதற் சுவையை மிகுவிக்கவும் செய்கின்றது. நூலில் மேரியன் ஈரப் புல்லில் உலவி நோயுறுகிறாள். படத்தில் அவள் மழையில் நனைந்து வீழ, பிராண்டன் கையில் ஏந்தி வருகிறார். அவளைக் கைவிட்ட வில்லபி, அவள் நோயுற்றபோது ஓடிவந்து எலினாரிடம் தன் குற்றத்தை ஒப்பும் நெடும்பகுதி விடப்பட்டது. நூல் முப்பத்தைந்து வயதுப் பிராண்டனுக்கு வேண்டுமென்றே குறைத்துத் தந்த ஒளியை, படம் நிறைத்துத் தந்துவிட்டது. மேரியனுடைய மணத்தில் ஆஸ்டின் விட்டுவைத்த சிறு கசப்பைத் திரை பொறுப்பதில்லை.

இப்புதினம் தமிழிலும் புகுந்தமை நம் ஆய்வுக்குப் பெரிதும் துணைசெய்வது. 2000-இல் ராஜீவ் மேனன் இயக்கத்தில், சுஜாதா உரையாடல் எழுத வெளிவந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' இதனைத் தழுவியது. இது பழங்காலக் கதையாக எடுக்கப்படவில்லை. தன் காலத்துத் தமிழ்நாட்டிலேயே நிகழ்கின்றது. நார்லண்டு மாளிகையின் இடத்தில் செட்டிநாட்டுப் பெருவீடு நிற்கின்றது. மேரியன் போற்றும் கூப்பரின் இடத்தைப் பாரதியார் பெறுகிறார். கர்னல் பிராண்டன், இலங்கை சென்ற இந்திய அமைதிப் படையில் பணியாற்றிக் கால் இழந்த வீரராகிறார். தன் காலத்தைத் தன் காலத்து உடையில் வரைதல் என்னும் நெறியால், இப்படம் உடைச் செம்மையுள்ள பல ஆங்கிலப் படங்களினும் ஆஸ்டினுக்கு அணுக்கமானது எனக் கூறுதல் மிகையாகாது.

ஆயினும் இரண்டிடங்கள் நம் கருத்தை ஈர்க்கின்றன. முதலாவது, வீட்டை இழக்கும் காரணம். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாது இறந்த தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு. 1989-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம், அதற்குமுன் மணமாகாத மகளிர்க்குக் கூட்டுக் குடும்பச் சொத்திலும் பிறப்புரிமை தந்தது. எனவே இங்குச் சட்டம் ஒன்றே பெண்களை வெளியேற்றிவிடாது. படம் நூலிற் கண்ட உயிலையே பற்றிக்கொண்டது: தாத்தா எழுதிய உயிலால் வீடு மாமனுக்குப் போகின்றது. சட்டம் மாறிய பின்னும், ஒரு முதியவரின் கையெழுத்து மகளிரை வீதியில் நிறுத்தக்கூடும் என்பதில் 1811-உம் 2000-உம் ஒன்றாயின.

இரண்டாவது, வீட்டை இழந்தபின் நேர்வது. எலினாரும் மேரியனும் சிற்றில்லம் ஒன்றில் காத்திருக்கின்றனர். காத்திருத்தலன்றி அவர்கட்கு வேறு தொழில் இல்லை. சௌமியாவும் மீனாட்சியும் சென்னைக்கு வருகின்றனர். ஒருத்தி கணினி நிறுவனத்தில் பணிபெற்று உயர்கிறாள். மற்றவள் பின்னணிப் பாடகியாகிறாள். ஈட்ட வழியில்லை என எலினார் வருந்திய இடத்தில், தமிழ்ப் பெண்கள் ஈட்டிக் காட்டுகின்றனர். இம்மாற்றத்தால் கதையின் தடை தளர்கின்றது. அதனால் இறுதிக் காதற் காட்சியின் இறுக்கமும் ஓரளவு தளர்கின்றது. ஆனால் அத்தளர்ச்சியை நாம் குறையெனக் கொள்ளோம். சுவையில் சிறிது குறைந்தாலும் வாழ்வில் பெரிதும் கூடிய ஒன்று அது.

6. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: பழங்காலக் காதற் கதைகளின் கவர்ச்சி உடையிலும் மாளிகையிலும் தொடங்கினும், அவற்றில் நிலைபெறுவதில்லை, 1940-ஆம் ஆண்டுப் படமும் 2000-ஆம் ஆண்டுத் தமிழ்ப் படமும் இதற்குச் சான்று. சொல்லவும் தொடவும் பெறவும் அக்காலம் விதித்த தடையே ஒரு பார்வைக்கும் ஒரு கடிதத்துக்கும் ஒரு விரல் அசைவுக்கும் பெரும்பொருள் தருகின்றது. அத்தடையின் வேர் பொருளியல்பு. அவ்வேரை அறுத்துப் பூவை மட்டும் காட்டும் வடிவம் விரைவில் வாடும்.

இங்ஙனம் சுவைதரும் அத்தடை, வாழ்ந்தவர்க்குத் துன்பமாய் இருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. அக்கால ஒழுங்கை இனிதெனக் காண்பவருள் பலர்க்கு, அவ்வொழுங்கில் மாளிகையின் முன்வாயில் திறந்திராது. அதனை எழுதியவர்க்கே அது நான்கு ஆண்டுகள் நிலையான வீடு தரவில்லை. எனவே, புதினத்தைப் பாடமாகவும் படத்தை அதன் விளக்கமாகவும் கொண்டு பயிலும் மாணவர், படத்தில் நடனம் தொடங்கும் இடத்தில் நூலைத் திறந்து, அம்மகளிர் ஒவ்வொருவர்க்கும் ஆண்டு வருவாய் எவ்வளவு என ஆசிரியர் குறித்துள்ளதைக் காண்பாராக. அவ்வெண்ணை அறிந்தபின் அந்நடனத்தைக் காணின், உரிப்பொருள் யாதென்பது தானே விளங்கும்.